“ராத்திரி முழுக்க மெஷின் செதுக்கும்... யாளிக்குப் பல்லு வைக்க உளிதான் வேணும்!” - முத்தாண்டிக்குப்பம் மரப்பட்டறையில் ஒரு நாள்

பலா சீசனில் பண்ருட்டி பக்கம் போனால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மூக்கே கூட்டிப்போய்விடும். சாலையோரம் எங்கே பார்த்தாலும் பழம் குவிந்து கிடக்கும். ஊரைத் தாண்டினால் செம்மண். அதில் முந்திரித் தோப்பு, நடுநடுவே பெரிய பெரிய பலா மரங்கள். முத்தாண்டிக்குப்பம் இந்தத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். கடலூர் மாவட்டம், நெய்வேலிக்குப் பக்கம்.

“பலா மரத்துல வேலை செய்ற பட்டறை எங்கண்ணா இருக்கு?” என்று டீக்கடையில் கேட்டதும், மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “இந்த ஊருக்கு வர்றவங்க பழம் கேப்பாங்க, பருப்பு கேப்பாங்க. நீங்க மரம் கேக்குறீங்க. நேரா போங்க, சத்தம் கேக்கும்” என்றார்.

கேட்டது. மாவு மில் ஓடுவதுபோல ஒரு சத்தம், கூடவே கீச்சென்று ஓர் இழுப்பு. மர வேலைப்பாடு என்றாலே ‘டொக்... டொக்...’ என்று உளிச் சத்தம்தான் என் மனதில் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த ‘டொக் டொக்’ போய் ‘கீச்’ வந்தது நல்லதா, கெட்டதா? இதைத்தான் தெரிந்துகொள்ள வந்திருந்தேன்.

பட்டறைக்குள் போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர்கோட்டில் தெருக்கள், எண் போட்ட வட்டங்கள், இரண்டு பக்கமும் மர நிழல். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டப்போய் கறுப்பாக ஏதோ வர, அதிலிருந்து தொடங்கியது நிலக்கரிக் கதை. 1956-ல் நிறுவனம் வந்தது. இன்று சுரங்கத்தில் மண்ணை வழித்தெடுக்கும் சக்கர இயந்திரங்களில் பெரியவற்றுக்கு, ஒரு வாளியே 1,400 லிட்டர் பிடிக்கும். நம் வீட்டு மாடித் தண்ணீர் டேங்க்கைவிடப் பெரிய வாளி!

அந்தக் கரியை ‘லிக்னைட்’ என்கிறோமே, அந்தப் பெயர் ‘லிக்னம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லிக்னம் என்றால் மரம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணில் புதைந்த காடுதான் இன்று பழுப்பு நிலக்கரி. அதை எரித்து வரும் கரண்ட் கிரிட்டில் கலந்து எங்கெங்கோ போகிறது. எது எந்த ஊர் கரண்ட் என்று பிரிக்க முடியாதுதான். ஆனாலும் நெய்வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று பலா மரத்தைச் செதுக்குவதைப் பார்க்கும்போது, பழைய மரம் புது மரத்தைச் செதுக்குகிறது என்று தோன்றாமல் இல்லை.

“அறுக்குறதுக்கு முன்னாடி தட்டிக் கேக்கணும்”

பட்டறை வாசலில் மரத்துண்டுகள் அடுக்கியிருந்தன. அறுத்துக் கொஞ்ச நாளான துண்டுகள் மஞ்சள்கிழங்கை வெட்டியதுபோல் இருந்தன. பழைய துண்டுகள் தேன் நிறத்துக்கு மாறியிருந்தன. இன்னும் பழையவை செம்பழுப்பு.

“வாம்மா, எந்தப் பத்திரிகை?” என்றபடி எழுந்து வந்தார் ஆசாரி ஐயா. அறுபதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்றார். “பேரு போட்டா நாளைக்கே நாலு பேரு வந்து கைவேலை கேப்பான். கூலியச் சொன்னா திரும்பிப் போய்டுவான். எதுக்கு?”

மெஷினை ஓட்டுவது அவருடைய அக்கா மகன். பாலிடெக்னிக் படித்தவர், ‘மாமா... மாமா...’ என்றுதான் கூப்பிடுகிறார். இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை பார்க்கிறார்கள். நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்குகிறது. மெஷின் தூசி இந்தப் பக்கம் வரக்கூடாதாம்.

ஐயா ஒரு துண்டைக் கையில் எடுத்து, முட்டியால் தட்டிக் காதருகே வைத்தார். “கேளு. இது மந்தமா சொல்லுதுல்ல? உள்ள ஈரம் இருக்கு. இது?” இன்னொன்று ‘டங்’ என்றது. “இதான் வைரம் பாஞ்ச மரம். இதைத்தான் வீணைக்குக் கேட்டு வருவாங்க.”

வீணை மட்டுமா? மிருதங்கம், தவில் எல்லாவற்றுக்கும் கட்டை பலாதான். அதிலும் பண்ருட்டிப் பலாவுக்கு இசைக்கருவி செய்பவர்களிடம் தனி மரியாதை. பழம் கொடுக்கும் மரத்தை யாரும் சும்மா வெட்டுவதில்லை. காய்ப்பு ஓய்ந்த பிறகு, வயதான பிறகுதான் கோடாரி விழும். அதற்குள் மரத்தின் நடுப்பகுதி இறுகி, கறையான் எளிதில் தொடாத கட்டையாகியிருக்கும்.

2011 டிசம்பர் 30-ம் தேதியை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அன்று காலை கரையேறிய தானே புயல், தோப்பு தோப்பாக முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டது. தாத்தா வைத்த மரங்கள் ஒரே நாளில் விறகானதைப் பற்றி டீக்கடையிலும் பேசினார்கள். “முந்திரிய வச்சா சீக்கிரம் வந்துடும். பலா பழம் கொடுக்கவும் சில வருஷத்துல ஆரம்பிச்சுடும். ஆனா வைரம் பாய என் பேரன் காலம் ஆகும்” என்கிறார் ஐயா. அதனால்தான் ஒரு கட்டையை வீணாக்கினால் அவருக்குக் கோபம் வருகிறது. மெஷின், கைவேலை சண்டையே அவருக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. விலை பற்றியதல்ல அவருடைய முதல் புகார். மெஷின் மரத்தைக் கேட்பதில்லை என்பதுதான்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

சிஎன்சி ரூட்டர் என்பது பார்க்க ஒரு பெரிய கட்டில் மாதிரி இருக்கிறது. கட்டிலின் மேல் பலகையை இறுக்கிவிடுகிறார்கள். மேலே ஒரு பாலம், அதில் மோட்டார், மோட்டார் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு ‘பிட்’. நிமிடத்துக்கு 18,000 சுற்று, தேவைப்பட்டால் அதற்கு மேலும் சுற்றும். பென் டிரைவில் டிசைன் ஃபைல். பட்டனைத் தட்டினால், பிட் முன்னும் பின்னும் ஓடி, உழுவதுபோல் கோடு கோடாகச் செதுக்கிக்கொண்டே போகிறது. முதல் சுற்று பெரிய பிட்டில் முரட்டு வேலை. இரண்டாவது சுற்று சின்ன பிட்டில் நுணுக்கம்.

நான் போனபோது பூஜையறைக் கதவுக்கு கஜலட்சுமி ஓடிக்கொண்டிருந்தது. “சாயங்காலம் போட்டுட்டு சாப்பிடப் போவேங்க்கா. நடுவுல வந்து ஒரு தடவ பிட் மாத்தணும். விடிஞ்சா கதவு ரெடி” என்றார் தம்பி. இதே கதவுக்கு மாமாவுக்கு எத்தனை நாள் ஆகும்? தார்ப்பாய்க்கு இந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “பதினஞ்சு நாள். அவசரப்படுத்தினா இருபது நாள்!”

வித்தியாசம் புரிகிறதா? வீடு கட்டுபவர் எதைக் கேட்பார் என்பதும் புரியும்.

ஆனால், அந்த கஜலட்சுமியை நான் எங்கோ பார்த்திருந்தேன். யோசித்தால், எங்கும் பார்த்திருந்தேன்! அதே யானை, அதே தும்பிக்கை வளைவு, அதே தாமரை. ஒரே ஃபைல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போகிறது. தர்மபுரியிலும் தென்காசியிலும் கதவைத் திறந்தால் ஒரே லட்சுமி. “இது எங்க பண்ணுன டிசைன்னே தெரியாது. யாரோ அனுப்புனது” என்று தம்பியும் சிரித்தார்.

மெஷினால் முடியாதது எது என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். பிட் மேலிருந்துதான் இறங்கும். அதனால் யாளியின் வாய்க்குள், பல்லுக்குப் பின்னால், மாலைக்கு அடியில் போகாது. நுனி உருண்டையானது என்பதால் உள்மூலை எதுவும் கூராக வராது. எல்லாம் கொஞ்சம் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கித்தான் இருக்கும். ஈர மரம் என்றால் நார் நாராகப் பிசிறு நிற்கும். மழுங்கிய பிட்டில் ஓட்டினால் மரம் கருகும். கருகிய பலா மரம் வாசனையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கண் எரிகிறது.

அதனால் விடிந்ததும் கதவு தார்ப்பாயைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. கண்ணைத் திறப்பது, பல் வைப்பது, நகையின் ஓரத்தைக் கூராக்குவது எல்லாம் ஐயாவின் உளி.

உளி என்ன செய்கிறது?

ஐயாவின் மரப்பெட்டியில் முப்பதுக்கும் மேல் உளிகள். தட்டை வாய், வளைந்த வாய், மூக்கு மாதிரி கூர், சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒன்று. பாதிக்குப் பெயர் இல்லை. “அத எடு” என்றால் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் போதும், பெயர் எதற்கு? தட்டுவதற்குப் புளிய மரத்தில் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியால் தட்டினால் உளிப் பிடி பிளந்துவிடும், மணிக்கட்டும் வலிக்கும்.

அவர் ஒரு மணி நேரம் வேலை செய்ததைப் பார்த்தேன். அதில் நிறைய நேரம் செதுக்கவே இல்லை. கல்லில் தீட்டினார். கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி தீட்டினார். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும் என்றார். வெட்டாத உளியை அழுத்துவோம், அழுத்தினால் சறுக்கும். பிறகு மரத்தின் ரேகையைப் பார்த்தார். ரேகையோடு போனால் சுருள் சுருளாகத் தோல் உரிவதுபோல் வரும். எதிராகப் போனால் உளி மரத்துக்குள் பாய்ந்து பெயர்த்துவிடும். ஓர் இலையின் இந்தப் பாதியை இந்தப் பக்கமிருந்தும், மறுபாதியை அந்தப் பக்கமிருந்தும் செதுக்க வேண்டியிருக்கும். ரேகை எங்கே திரும்புகிறது என்று உளியின் எதிர்ப்பு கைக்குச் சொல்லிவிடும். சுற்றும் பிட்டுக்கு அந்தச் செய்தி போவதில்லை.

இதை வைத்து ‘கைதான் உயர்த்தி’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், ஐயாவே அதற்கு இடம் கொடுக்கவில்லை. “சின்ன வயசுல ரம்பம் இழுத்திருக்கேன். பள்ளத்துல ஒருத்தன், மேல ஒருத்தன். கீழ நிக்குறவன் கண்ணெல்லாம் தூள். நாள் முழுக்க இழுத்தா நாலு பலகை. அறுப்பு மில்லு வந்துச்சு. அது போச்சேன்னு எவனாவது அழுதானா? நான் சந்தோஷப்பட்டேன்” என்றார். இழைப்புளிக்குப் பதில் பவர் பிளேனர் வைத்திருக்கிறார். பெரிய பள்ளம் தோண்ட கிரைண்டரும் உண்டு. கரண்ட் வந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதில்தான் மாமாவும் மருமகனும் முட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு தடவை கூலி, ஆயிரம் தடவை கதவு

தம்பியிடம் ஒரு திட்டம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஓடும் அதே கஜலட்சுமி அவருக்கும் சலித்துவிட்டது. மாமா கையால் ஒரே ஒரு பலகை செதுக்கிக் கொடுத்தால், அதை 3டி ஸ்கேன் செய்து ஃபைலாக்கிவிடலாம். இந்தப் பட்டறைக்கென்று தனி டிசைன். வேறெங்கும் கிடைக்காது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாமா மூன்று மாதமாகப் பதில் சொல்லவில்லையாம். எனக்குச் சொன்னார். “நான் ஒரு தடவ செதுக்குவேன். ஒரு தடவ கூலி. அது ஆயிரம் தடவ ஓடும். அப்புறம் என்னை எதுக்குக் கூப்புடுவான்? பல்லு வைக்க மட்டும். பல்லு வைக்க என்ன கூலி?”

இதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. முன்பு முழுக் கதவுக்குக் கூலி. இப்போது முடிப்பு வேலைக்கு மட்டும் கூலி. முடிப்பு வேலைதான் கஷ்டமானது, அனுபவம் கேட்பது. ஆனால் மணிக்கணக்கில் குறைவு என்பதால் பணமும் குறைவு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கை பழகுவதே முரட்டு வேலையில்தான். வருடக்கணக்கில் பள்ளம் தோண்டி, ரேகை புரிந்து, அப்புறம்தான் கண்ணைத் திறக்கும் உளி கைக்கு வரும். முரட்டு வேலை மொத்தத்தையும் மெஷின் எடுத்துக்கொண்டால், அடுத்து பல் வைக்கப்போவது யார்? தம்பியிடம் கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, “எனக்கு வராதுங்க்கா. மாமா இருக்குற வரைக்கும்தான்” என்றார்.

இத்தாலியின் மலைப்பகுதியில் வால் கார்டேனா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மரச் சிற்பத்துக்குப் பெயர்போன இடம். அங்கே இந்தக் கேள்வி கம்ப்யூட்டருக்கு முன்பே வந்துவிட்டது. கையால் செதுக்கிய ஒரு சிற்பத்தின் மேல் ஊசியை ஓட்டினால், பக்கத்தில் வரிசையாக இருக்கும் கட்டைகளில் அதே சிற்பம் செதுக்கப்படும் நகல் இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாகவே ஓடுகின்றன. அங்கும் முடிப்பு வேலை கையால்தான். ஆனால், முழுக்கக் கையால் செய்ததைத் தனி முத்திரையோடு தனி விலைக்கு விற்கிறார்கள். வாங்குபவருக்குத் தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும்.

நம் பக்கமும் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்கு 2020-ல், இங்கிருந்து மேற்கே இருக்கும் கள்ளக்குறிச்சிக்கு 2021-ல். ஊருக்குப் பெயர் கிடைத்தது நல்ல விஷயம். கடையில் கை எது, மெஷின் எது என்று சொல்லி விற்கும் பழக்கமும் வர வேண்டும். மெஷின் கதவை மெஷின் கதவென்று சொல்லி விற்பதில் எந்தத் தப்பும் இல்லை. அதையே ‘கைவேலை சார்’ என்று சொல்லி விற்கும்போதுதான் ஐயா மாதிரி ஆட்களின் பதினைந்து நாள் காணாமல்போகிறது.

அதே ரோட்டில் தஞ்சாவூர்

விக்கிரவாண்டியில் பிரியும் நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், கும்பகோணம் என்று போய் தஞ்சாவூரைத் தொடுகிறது. பலாக் கட்டை போகும் திசையும் அதுதான். 17-ம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு உருவானதாகச் சொல்லப்படுகிறது தஞ்சாவூர் வீணை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.  குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து இணைத்தால் சாதா வீணை. மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை.

மிருதங்கக் கட்டை லேத்தில் ஏறி வெகுகாலம் ஆகிறது. உருளை வடிவம் என்பதால் சுற்றிக் கடைவது சுலபம். வீணைக் குடம் அப்படியல்ல. உள்ளே குடையும்போது சுவரின் தடிமன் எங்கே எவ்வளவு என்பது நாதத்தை மாற்றும். இரண்டு கட்டைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தட்டிப் பார்த்து, இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஃபைலில் எழுதிவைக்க முடியாத வேலை அது. பூஜையறைக் கதவைத் தட்டி யாரும் ராகம் கேட்கப் போவதில்லை என்பதால், மெஷின் முதலில் கதவுக்கு வந்ததில் ஆச்சர்யமும் இல்லை.

மாஸ்க் போடுங்க தம்பி!

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உளி சீவலை எடுக்கிறது. மெஷினும் கிரைண்டரும் சாண்டரும் தூளை எடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கு, சைனஸ் பகுதிகளில் வரும் புற்றுநோய். தம்பி கட்டியிருந்தது ஒரு துண்டு. துண்டு பெரிய தூளைத்தான் நிறுத்தும். என்-95 மாஸ்க்கும், பிட் பக்கத்திலேயே தூளை உறிஞ்சும் குழாயும் வேண்டும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்றால் காதும் போகும். கிரைண்டரை நிறையப் பிடிப்பவர்களுக்கு அதிர்வில் விரல் மரத்துப்போகும். ‘டொக் டொக்’கிலும் தோள்பட்டை போகத்தான் செய்கிறது, ஐயாவால் வலது கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலை அது தொடுவதில்லை.

கதவு வாங்கப் போறீங்களா?

வீடு கட்டுகிறீர்கள், பட்டறைக்குப் போகிறீர்கள் என்றால் ஐயா எனக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். செல்போன் டார்ச்சைப் போட்டு, பலகைக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். மெஷின் வேலை என்றால் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள் தெரியும். தேய்த்து மறைத்திருந்தால் உள்மூலைகளைப் பாருங்கள், அங்கே உப்புத்தாள் போகாது. உளி தொட்ட மூலை கூராக இருக்கும், பிட் தொட்டது உருண்டிருக்கும். இரண்டு பக்க யானைகளையும் ஒப்பிடுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அச்சாக ஒன்றாக இருந்தால் ஃபைல். ஒரு யானைக்குக் காது கொஞ்சம் பெரிதாக இருந்தால், அந்தக் காதுக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்கிறார்கள், பேரம் பேசாதீர்கள்.

பாலிஷ் அடித்த பிறகு இதெல்லாம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் அதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விடுங்கள். போகும்போது வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். பர்மா, தாய்லாந்துப் பக்கமெல்லாம் புத்த பிக்குகளின் காவிக்குச் சாயம் எடுத்தது பலா மரத்திலிருந்துதான். என் துப்பட்டா இரண்டு தடவை துவைத்தும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.